அக்கா, ஒரு சந்தேகம்: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்டவை

என் மகனுக்கு 19 வயது. மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி), கூடவே அறிவுசார் குறைபாடு. திங்கட்கிழமைகளில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வருகிற, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மனு எழுதிக் கொடுப்பது ஒன்பது வருடமாக என் வழக்கம். பாதி மனு எழுதுவதற்குள் "அக்கா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். குடியாத்தத்துக்காரரும் அதையே கேட்பார், ஒடுகத்தூர்க்காரரும் அதையே கேட்பார். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களும் சிறப்பாசிரியர்களும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததையும், வீட்டில் நானே செய்து பார்த்ததையும்தான் சொல்கிறேன்.

"பையனுக்கு ரெண்டரை வயசு. இன்னும் அம்மான்னுகூட சொல்லலே. எங்க மாமியாரு, 'அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், சும்மா இரு'ங்கறாங்க. காத்துக்கினு இருக்கலாமா?"

வேண்டாம். தாமதமாகப் பேசி, அப்புறம் சரளமாகப் பேசுகிற பிள்ளைகள் உண்டு. மாமியார் சொல்வது பொய்யில்லை. ஆனால் உங்கள் பிள்ளை அந்த வகையா என்பதை வீட்டில் உட்கார்ந்தபடி யாராலும் சொல்ல முடியாது. போய்க் காட்டி "ஒன்றுமில்லை" என்று வந்தால் ஒரு நாள் கூலி போகும். காட்டாமல் விட்டு ஏதாவது இருந்துவிட்டால், மூளை வேகமாக வளர்கிற வருடங்கள் போய்விடும்.

நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, இரண்டு வயதில் "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல் சேர்க்கவில்லை, பெயரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் அந்த வாரமே போங்கள்.

பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. "கதவை சாத்தினா திரும்பறானே" என்பார்கள். கதவுச் சத்தமும் லாரி ஹாரனும் கேட்கும். பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கும். காது அறவே கேட்காத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) வைக்க முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் வைக்கிறார்களோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். ஐந்தரை வயதில் ஓடி வந்தவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது.

"முதல்ல எங்க போறது? சி.எம்.சி.யா, அடுக்கம்பாறையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கோ."

அங்கன்வாடியிலேயே ஆரம்பிக்கலாம். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்று 2013 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வந்து பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் வரும் நாளை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்து, நீங்களே பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். காசு செலவில்லாமல் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழுக்கும் அரசு டாக்டர்களிடம்தான் போயாக வேண்டும். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் அவர்களுடைய நம்பிக்கை நிலையத்தில் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு தங்கிப் பயிற்சி கற்றுக்கொண்டு வருகிற ஏற்பாடும் உண்டு.

எங்கே போனாலும் சரி, ஒரு இடத்தில் நின்று பாருங்கள். மூன்று துணிப்பை நிறைய ஃபைல் வைத்திருந்த ஒரு அப்பா வந்தார். ஏழு ஆஸ்பத்திரி, நான்கு ஸ்கேன். பிள்ளைக்கு உட்காரச் சொல்லிக் கொடுத்தவர் மட்டும் யாரும் இல்லை.

"நான் மாசமா இருக்கச்சே எதனா தப்பு பண்ணிட்டேனா?"

இல்லை. இதை என்னிடம் சத்தமாகக் கேட்டவர்கள் குறைவு. மனு எழுதி முடித்து, வீட்டுக்காரர் டீ குடிக்கப் போன பிறகு மெதுவாகக் கேட்பார்கள். கிரகணத்தன்று காய் நறுக்கினேன், பப்பாளி சாப்பிட்டேன், ஷூ கம்பெனியில் எட்டாம் மாசம் வரை நின்றுகொண்டே வேலை செய்தேன் என்பார்கள். கிரகணத்தாலோ பப்பாளியாலோ எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஆவதில்லை. மூளை முடக்குவாதம் பெரும்பாலும் குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், வயிற்றில் இருக்கும்போது தொற்று, பிறந்தபின் கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை போன்றவற்றால் வருகிறது. டவுன் சிண்ட்ரோம், 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக ஒன்று சேர்ந்துவிடுவதால் வருவது. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது. அம்மா கொஞ்சாததால் வருவதில்லை.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்பதும் பொய். 1998-இல் அப்படிச் சொன்ன கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டுவிடாதீர்கள்.

என் மகன் ஏழாம் மாதத்தில் பிறந்தான். "நீ மாடிப்படி ஏறினதாலதான்" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னது நான்கு வருடம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நான்கு வருடமும் பயிற்சியைப் பரிகாரம் மாதிரிச் செய்தேன். பிள்ளைக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு.

"அக்கா மகளைத்தான் கட்டினாரு. சொந்தத்துல கட்டினதாலயா? அடுத்த கொழந்த பெத்துக்கலாமா?"

எல்லாவற்றுக்கும் சொந்தம் காரணமில்லை. டவுன் சிண்ட்ரோமுக்கும் குறைமாதப் பிரசவத்தால் வந்த மூளை முடக்குவாதத்துக்கும் சொந்தத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சில பரம்பரை நோய்களில் அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைவாக இருக்கும். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நோய். சொந்தத்தில் கட்டும்போது ஒரே தாத்தா ஆயாவிடமிருந்து அந்த மரபணு இரண்டு பக்கமும் வர வாய்ப்பு அதிகம். பொதுவாக நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும் என்றால், அத்தை மகன் மாமன் மகள் கல்யாணத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தாய்மாமனைக் கட்டுவது அதைவிட நெருங்கிய உறவு.

அந்த வகை நோய் என்று உறுதியானால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "ஒண்ணுக்கு வந்துடுச்சு, இனி மூணு நல்லா பொறக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள்; ஒவ்வொரு தடவையும் அதே நான்கில் ஒன்றுதான். அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போங்கள். முதல் பிள்ளையின் நோய்க்குப் பெயர் தெரிந்தால்தான் அவர்களால் பதில் சொல்ல முடியும். அப்புறம், இந்த விஷயத்தை வைத்து மருமகளைத் திருப்பி அனுப்பப் பேசுகிறார்கள். மரபணு அவளிடம் எவ்வளவோ அவ்வளவு உங்கள் மகனிடமும் இருக்கிறது.

"ஊட்ல உருது, தெருவுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். அதனாலதான் பேச்சு வரலேன்னு ஒருத்தர் சொன்னாரு."

பேரணாம்பட்டுப் பக்கமிருந்து இதைக் கேட்பார்கள். குடியாத்தத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் கேட்பார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு வராமல் போகாது, ஆட்டிசமும் வராது. உங்களுக்கு எந்த மொழியில் தாலாட்டும் திட்டும் தானாக வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள். தெரியாத இங்கிலீஷில் "கம், சிட்" என்று இரண்டு வார்த்தை பேசுவதால் பிள்ளை இழப்பதுதான் அதிகம். செல்போனில் ஓடும் பாட்டு எந்த மொழியில் இருந்தாலும் அது பேச்சுப் பயிற்சி இல்லை, ஏனென்றால் அது பிள்ளையின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

"தெரபிக்கு வாரத்துல ஒரு நாளுதான் போவ முடியுது. அரை மணி நேரம் பண்றாங்க. அது பத்துமா?"

பத்தாது. தினமும் போனாலும் பத்தாது. வாரத்தில் அரை மணி போக மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்கள் வீட்டில்தான் இருக்கிறான். தெரபிஸ்டிடம் போவது, அவர் கை என்ன செய்கிறது என்று நாம் பார்த்துக் கற்றுக்கொள்ள. வெளியே பெஞ்சில் உட்காராதீர்கள். உள்ளே நின்று, "நான் பண்றேன், சரியான்னு பாருங்க" என்று அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள்.

வீட்டில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னால் யாராலும் முடியாது. பீடி சுற்றுகிற வீட்டில் ஏது ஒரு மணி? தினமும் எப்படியும் செய்கிற வேலைக்குள் பயிற்சியை வையுங்கள். என் மகனுக்குச் சட்டை போட ஐந்து நிமிடம் ஆகும். நான் போட்டால் அரை நிமிடம். முதலில் இறுகிய கையைச் சட்டைக்குள் விட வேண்டும், அப்புறம்தான் நல்ல கை. கழற்றும்போது நல்ல கை முதலில். இறுகிய கையை இழுக்கக் கூடாது. தோளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பொறுமையாக இருந்தால் தானாகத் தளரும். அந்த நேரத்தில் "கை எங்கே? இந்தக் கை. பொத்தான் எத்தனை? ஒண்ணு, ரெண்டு." கடைசிப் பொத்தானை மட்டும் அவன் போடுவான். அந்த ஒரு பொத்தானுக்கு எட்டு மாதம் ஆனது. அப்புறம் கடைசி இரண்டு. இப்போது மேல் பொத்தான் ஒன்றுதான் என்னுடையது. கை அசைவு, பேச்சு, எண்ணிக்கை, காத்திருப்பு எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கின்றன.

இதை அம்மா ஒருத்தியே எல்லா வேளையும் செய்தால் ஆறு மாதத்தில் நின்றுவிடும். காலைச் சட்டை அப்பாவுக்கு, சாயங்காலம் முற்றத்தில் நிற்க வைப்பது தாத்தாவுக்கு என்று பிரித்துக் கொடுங்கள்.

"சோறு ஊட்டவே ஒரு மணி நேரம் ஆவுது. அடிக்கடி பொரையேறுது. படுக்க வெச்சுதான் ஊட்டறேன்."

படுக்க வைத்து ஊட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மாதாமாதம் சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முதுகு நிமிர்ந்து, கால் எதன் மேலாவது ஊன்றி, தாடை கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். நாம் நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், அப்போதுதான் புரையேறும். எதிரே தாழ்வாக உட்கார்ந்து, சின்னத் தட்டையான கரண்டியில் ஊட்டுங்கள். ரசம் மாதிரித் தண்ணீராக இருப்பதுதான் ஆபத்து. குழைத்த சோறும் கெட்டியான ராகிக் கூழும் சுலபம். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் புரையேறினாலோ எடை ஏறாவிட்டாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

"வீல்சேர்ல ஒக்கார வெச்சுட்டா அப்புறம் நடக்கவே மாட்டானாமே?"

நடக்கக்கூடிய பிள்ளை, வீல்சேர் இருந்தாலும் நடப்பான். நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிந்தால், அவனுக்கு வயது பத்தாகும்போது உங்கள் முதுகு போய்விடும். அப்புறம் அவன் வீட்டை விட்டே வெளியே வர மாட்டான். சரியான அளவு நாற்காலி முதுகுத்தண்டு வளையாமல் காக்கும். மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கென்று தலைக்கும் இடுப்புக்கும் பிடிமானம் வைத்த நாற்காலியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகக் கேட்கலாம். பெரியவர் நாற்காலியைக் கொடுத்து "வளர்ந்தா சரியாயிடும்" என்றால் வாங்காதீர்கள். அளவெடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதே ஊரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்ததும் அவரால்தான். வீல்சேர் வேண்டாம் என்று அழுகிற அம்மாக்களுக்கு நான் இவர் கதையைத்தான் சொல்கிறேன்.

"ஃபிட்ஸ் வந்தா கையில சாவிக் கொத்து குடுத்தா நின்னுடும்னு சொல்றாங்கோ. நாங்களும் குடுக்கறோம், நிக்குதே?"

பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவி கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். இரும்பைத் தேடி ஓடுகிற நேரத்தில் பிள்ளையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் வைக்காதீர்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று நின்று நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "ஆறு மாசமா வரலே, அதான் விட்டுட்டோம்" என்று சொன்ன வீடுகளில்தான் பெரிய வலிப்பைப் பார்த்திருக்கிறேன்.

"ஆட்டிசம் சரியாவ ஸ்டெம் செல் ஊசி போடலாம்னு சொன்னாங்க. ரெண்டு லட்சம் கேக்கறாங்க. நகையை வெச்சுடலாமா?"

வைக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லியிருக்கிறது. ஆட்டிசத்தை அடியோடு போக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. பேச்சு, நடத்தை, அன்றாட வேலைப் பயிற்சியால் முன்னேற்றம் உண்டு. தூக்கம், வலிப்பு, அதீதப் பதற்றம் மாதிரிக் கூட வருவதற்கு மருந்து உண்டு. "மூணு மாசத்துல பேச வெக்கறேன்" என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் தடுப்பதில்லை. எனக்கும் ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நெஞ்சு லேசாகிறது. சூடு வைப்பது, மந்திரித்து அடிப்பது, வேளை மாத்திரையை நிறுத்திவிட்டுப் பத்தியம் இருப்பது மட்டும் கூடாது.

"சான்றிதழ் வாங்கினா ஆயுசுக்கும் முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?"

சான்றிதழ் பீரோவில் இருக்கும் காகிதம். யாரிடமும் காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அது இல்லாமல் அடுத்த மூன்று கேள்விகளில் வருகிற பெரும்பாலானவை கிடைக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் தசைச்சிதைவும் அதில் உண்டு. பெரும்பாலான சலுகைக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இப்போது சான்றிதழோடு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வருகிறது: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-க்கு மேல் நீலம்.

ஆதார், குடும்ப அட்டை, போட்டோ, பழைய சிகிச்சைக் காகிதங்களோடு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்துவிட்டு, அரசு டாக்டர் முன்னால் பிள்ளையைக் காட்ட வேண்டும். முகாம் என்றால் பிள்ளைக்குத் தண்ணீர், சாப்பாடு, மாற்றுத் துணி, பிடித்த பொம்மை எடுத்துப் போங்கள். வேலூர் வெயிலில் மதியம் வரை ஆகலாம். சின்ன வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்று. காலாவதி தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்; புதுப்பிக்காமல் உதவித்தொகை நின்று போனவர்களின் மனுதான் நான் அதிகம் எழுதியது.

இன்னொன்று. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. அரக்கோணம், ஆற்காடு என்றால் ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீஸ். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். இன்னமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சத்துவாச்சாரி வரை வந்து திரும்பிப் போகிறார்கள்.

"மாசம் ரெண்டாயிரம் யாருக்குத் தர்றாங்க? வேற என்ன கிடைக்கும்?"

பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடும் தசைச்சிதைவும் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கேட்கலாம்; கடும் உடல் பாதிப்பு என்றால் 75 சதவீதம் வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள், பதிவு எண் வாங்காமல் வராதீர்கள்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. தனியாகப் பயணிக்க முடியாதவர்களுக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதம் சலுகை, துணைக்கு வருபவருக்கும் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை செலவு திரும்பக் கிடைக்கும். தெரபிச் செலவும் அதில் சேரும்.

"ஸ்கூல்ல ஹெச்.எம். 'இவனை எங்களால பாத்துக்க முடியாது, ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க'ன்னு அனுப்பிட்டாங்க. என்ன பண்றது?"

மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. 2016 சட்டத்தின்படி 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு, எது என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். முதலில் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்துக்குப் போய் சிறப்பாசிரியரைப் பாருங்கள்; அவர் உங்களோடு பள்ளிக்கு வந்து பேசினால் பாதி இடத்தில் முடிந்துவிடும். முடியாவிட்டால் மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தருகிற ஹெச்.எம்.-ஐ நான் இதுவரை பார்த்ததில்லை, சேர்த்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கே போக முடியாத பிள்ளைக்கு, அதே வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் திட்டம் இருக்கிறது. பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமங்களுக்கு அவர்கள் வந்து சேர்வது எளிதில்லை. அதனால் வருகிற நாளில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஐந்தாம் வகுப்பு வரை முடிந்தவரை ஊர்ப் பள்ளி. என் மகன் எழுதப் படிக்கக் கற்கவில்லை. ஆனால் அவனோடு உட்கார்ந்த பையன்கள் இன்றைக்கும் தெருவில் பைக்கை நிறுத்தி "டேய், எப்படிக் கீறே" என்று அவன் தோளில் தட்டுகிறார்கள்.

"பத்தாவது பரீட்சை எப்படி எழுதுவா?"

சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் அரசுப் பொதுத்தேர்வில் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழைக் காட்டி ஹெச்.எம். மூலம் விண்ணப்பத்தை நகர்த்துங்கள். எழுதுபவரோடு வீட்டில் பழகிப் பார்க்காமல் போனால் கூடுதல் நேரமும் வீணாகும்.

"பொண்ணு பெரியவளாயிட்டா. அவளுக்குத் துணி மாத்தக்கூட தெரியாது. கர்ப்பப்பையை எடுத்துடச் சொல்றாங்க, பத்திரமா இருக்கும்னு."

சுத்தத்துக்காகவும் பயத்துக்காகவும் கர்ப்பப்பையை எடுக்காதீர்கள். விருப்பமும் புரிதலும் இல்லாமல் ஒரு மாற்றுத்திறனாளியைக் குழந்தை பெற முடியாதவராக்கும் சிகிச்சை கூடாது என்று 2016 சட்டம் சொல்கிறது. "பத்திரம்" என்பதையும் நேராகவே பேசிவிடலாம். கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் ஆகாது, அவ்வளவுதான். யாராவது அவளைத் தொட்டால் அது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

மாதவிடாயைக் கற்றுக் கொடுக்க முடியும். சட்டைப் பொத்தானுக்குச் சொன்ன அதே வழிதான்: கடைசிப் படியிலிருந்து. முதலில் பழைய நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போடுவது மட்டும் அவள் வேலை. அது கைக்கு வந்ததும் அதற்கு முந்தைய படி. வயதுக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, சும்மா நாப்கினை வைத்துக்கொண்டு நடக்கப் பழக்குங்கள். வலியும் போக்கும் அதிகமென்றால் மருந்து இருக்கிறது, மகப்பேறு டாக்டரைக் கேளுங்கள்.

"வேண்டாம்" என்று சொல்லவும் கற்றுக் கொடுங்கள். சொல் வராவிட்டால் கையால் தள்ளட்டும். மாமா முத்தம் கேட்டு அவள் தள்ளினால், "மாமாதானே, குடு" என்று நீங்கள் வற்புறுத்தாதீர்கள். ஏதாவது நடந்திருக்கிறது என்று தோன்றினால் 1098, குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அவளுக்கும் உண்டு. பையன்களுக்கும் இது எல்லாமே பொருந்தும்.

"கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடுவான்னு ஊர்ல சொல்றாங்க."

ஆகாது. அறிவுசார் குறைபாடு கல்யாணத்தால் மாறுவதில்லை. கல்யாணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருவருக்கும் புரிந்து, இருவரும் விரும்பி, உண்மையை மறைக்காமல் நடந்தால் நடக்கட்டும். ஆயுளுக்கும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்று ஏழை வீட்டுப் பெண்ணை ஏமாற்றிக் கட்டி வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"அவரு கொழந்தயத் தூக்கறதே இல்லக்கா. எல்லாம் நான்தான். சில நாளு அவனையும் கூட்டினு எங்கனா போய் செத்துடலாம்னு தோணுது."

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன். இப்படித் தோன்றுவதால் நீங்கள் கெட்ட அம்மா இல்லை. வருடக்கணக்கில் தூக்கமில்லாமல், யாரும் கை மாற்றாமல் இருந்தால் யாருக்கும் இப்படித் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் இது உள்ளேயே வைத்திருக்கும் விஷயம் இல்லை. 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 104 என்ற மருத்துவ உதவி எண், இரண்டும் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். பிள்ளைக்கு மருந்து வாங்கப் போகிற ஆஸ்பத்திரியிலேயே "எனக்கும் ஒரு சீட்டு" என்று கேளுங்கள். பூச்சிமருந்து, மாத்திரை கையெட்டும் இடத்தில் வேண்டாம். இன்றைக்கே ஒரு ஆளிடம், அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோ, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்பாக்களைப் பற்றி. பிள்ளையை வெறுக்கிற அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை; பயப்படுகிற அப்பாவை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே பிடிப்பது, எப்படித் தூக்குவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அடுத்த தடவை தெரபிக்கு அவரையும் உள்ளே கூட்டிப் போங்கள். ஒரே ஒரு வேலையை முழுதாக அவரிடம் விடுங்கள், குளிப்பாட்டுவது மாதிரி. அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். முதல் வாரம் காதில் சோப்பு இருக்கும். இருக்கட்டும்.

"பெரியவளுக்கு இவன் மேல பொறாமை. 'அவனுக்கு மட்டும்தான் எல்லாமா'ங்கறா."

அவள் சொல்வது நியாயம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவளோடு மட்டும் இருங்கள். தம்பிக்கு என்ன என்பதை அவள் வயதுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தன்னால்தான் இப்படி ஆனது என்றுகூட நினைத்துக்கொள்வாள். "எங்களுக்கப்புறம் நீதான்" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

"எங்களுக்கப்புறம் இவனை யாரு பாத்துக்குவாங்க?"

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. காகித வேலையை முதலில் சொல்கிறேன். 18 வயது ஆனதும் சட்டப்படி அவன் பெரியவன். நீங்கள் பெற்றவர்கள் என்பதால் மட்டும் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. மேலே நிராமயாவுக்குச் சொன்ன அதே நான்கு வகைக் குறைபாட்டுக்கும், தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன் கீழ் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்கலாம். சொத்து இருந்தால் உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். "அண்ணன் பாத்துக்குவான்" என்ற வாய்ப்பேச்சை நம்பி எல்லாவற்றையும் ஒரு பிள்ளை பேரில் எழுதாதீர்கள். அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெயரைக் குடும்ப ஓய்வூதியத்துக்கு இப்போதே பணிப்பதிவேட்டில் ஏற்றுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள், நாற்பது பக்க நோட்டு போதும். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாததை எல்லாம் அதில் எழுதுங்கள். என் மகனின் நோட்டில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது: "ம்பா என்றால் தண்ணீர். ம்பா ம்பா என்றால் பாத்ரூம். தோசையைப் பிய்த்துச் சாம்பாரில் ஊற வைக்கணும். இட்லிக்குச் சட்னி மட்டும். வலிப்பு மாத்திரை காலை எட்டு, ராத்திரி எட்டு. வலது பக்கம் சாய்த்தால்தான் தூக்கம். பயந்தால் இடது காதைப் பிடித்துக்கொள்வான், பேசாமல் பக்கத்தில் உட்காரணும்." போன மாதம் அதன் கீழே என் மகள் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "காட்பாடி மேம்பாலத்தில் நின்று ரயில் பார்க்கப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிப் போறேன்."